பழைய மோட்டார் சைக்கிளை வாங்குமுன்

உழவுமாடு பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் தரகர் சொல்லை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், நாலு தப்படி நடத்தியும் பார்ப்பார். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இத்துணை எச்சரிக்கை வாய்ந்த அதே குடியானவர், முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ கொடுத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கும்போது மட்டும், புதிதாகத் துடைத்த பெட்ரோல் டாங்கியின் பளபளப்பையும், "ஒரே கை ஓட்டின வண்டி" என்னும் விற்பவரின் வாய்மொழியையும் போதுமானவையாகக் கொண்டுவிடுகிறார். ஆறு மாதத்திற்குள் வண்டி பட்டறையில் கிடக்கிறது. வாங்கிய விலையில் ஒரு பெரும் பங்கு மீண்டும் செலவாகிறது. இஃது பணத்தோடு போகும் நஷ்டம். பிரேக் பிடியாத வண்டியும், உடற்சட்டம் வளைந்த வண்டியும் ஓட்டுபவரின் உயிருக்கே உலை வைப்பவை. பதிவு மாற்றப்படாத வண்டியோ, விற்றவர் குடும்பத்தையும் வாங்கியவர் குடும்பத்தையும் ஒருங்கே நீதிமன்ற வாசலில் நிறுத்த வல்லது.

இன்று கிராமத்தில் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. பால் சங்கத்திற்குப் பால் கொண்டு செல்வதும், உரக்கடையிலிருந்து மூட்டை ஏற்றி வருவதும், மின்சாரம் வந்த நேரத்தில் பம்பு செட்டுக் கொட்டகைக்கு விரைவதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதனாலேயே நடைபெறுகின்றன. புதிய வண்டிக்கு வேண்டிய பணம் கையில் இல்லாதபோது பழைய வண்டியை நாடுவதில் தவறொன்றுமில்லை. நன்கு பேணப்பட்ட 100 சி.சி. வண்டி பத்தாண்டு ஓடிய பின்னும் பல ஆண்டு உழைக்கும். பார்த்து வாங்கும் முறையை அறிந்திருத்தலே அவசியம். ஊராட்சி உறுப்பினர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்; ஊரில் ஒரு வண்டி கைமாறும்போது சாட்சிக் கையொப்பத்திற்குப் பெரும்பாலும் அவர்களையே அழைக்கிறார்கள் அன்றோ?

முதலில் காகிதம், பிறகு வண்டி

வண்டியைத் தொட்டுப் பார்க்குமுன் அதன் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கவேண்டும். ஆர்.சி. புத்தகம் என்று நாம் வழங்கும் இச்சான்று, புத்தகமாகவோ அட்டையாகவோ, அசலாக இருத்தல் அவசியம். நகலைக் காட்டி, "அசல் வீட்டில் இருக்கிறது, பிறகு தருகிறேன்" என்பாரிடம் பேச்சை வளர்க்க வேண்டுவதில்லை. சான்றில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். உரிமையாளர் காலமாகி, மகனோ மனைவியோ விற்பதாயின், வாரிசு முறையில் 31-ஆம் எண் படிவத்தின் மூலம் பதிவு முதலில் அவர்கள் பெயருக்கு மாறிய பின்னரே விற்பனை நடைபெறவேண்டும். "தகப்பனார் வண்டிதானே, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பது சட்டத்தின் முன் செல்லாது. கிராமங்களில் இவ்வகை விற்பனை மிகுதி என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

அடுத்து, சான்றில் உள்ள சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடவேண்டும். சேசிஸ் எண் பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடித் தண்டு நுழையும் தலைக்குழாயின் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இஞ்சின் எண், இஞ்சினின் அடிப்பாகத்து வார்ப்பில் இருக்கும். சேறும் எண்ணெயும் படிந்திருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். எண்கள் உள்ள இடம் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தாலும், எழுத்துகள் வரிசை பிசகி நின்றாலும், அவ்விடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலும், அந்த வண்டி எவ்வளவு மலிவாயினும் அதைவிட்டு விலகிவிடுதலே தக்கது. திருட்டு வண்டியை அறியாமல் வாங்கியவரும் காவல் நிலையத்திற்கு நடக்கவேண்டி வரும். வண்டியும் போகும், பணமும் போகும்.

கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் பதிவில் குறிக்கப்பட்டிருக்கும். கடன் தீர்ந்ததென்று விற்பவர் சொல்வது மட்டும் போதாது. நிறுவனம் அளிக்கும் தடையின்மைக் கடிதமும், அதன் கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவமும் இருந்தாலன்றி அக்குறிப்பு நீங்காது. அது நீங்காமல் பெயரும் தடையின்றி மாறாது. மத்திய அரசின் "பரிவாகன்" இணையதளத்தில் வண்டியின் எண்ணைக் கொடுத்தால், பதிவு நாள், பதிவு முடியும் நாள், காப்புறுதி முடியும் நாள், கடன் குறிப்பு உண்டா என்பன போன்ற விவரங்கள் தெரியவரும். அபராதச் சீட்டுகள் கட்டப்படாமல் நின்றாலும் அங்கே காணலாம். கைப்பேசியில் பார்க்கத் தெரியாதோர் இ-சேவை மையத்திலோ படித்த இளைஞர் ஒருவரிடமோ உதவி பெறலாம்.

பதிவு என்பது சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியை அதிகாரி பார்வையிட்டு, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும். ஆகவே 14 ஆண்டு ஓடிய வண்டியை வாங்குவோர், புதுப்பிக்கும் கட்டணத்தையும் பசுமை வரியையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றை அடுத்த எல்லைக் கிராமத்தார் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதனை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருப்பின் இங்கே புதிய பதிவு எண் பெறவேண்டும். அதற்கு முன்பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். நம் மாநில வரியும் கட்டவேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் மலிவு மலிவாக நிற்பதில்லை.

இஞ்சினைச் சோதித்தல்

வண்டியைப் பார்க்கக் காலையில் செல்வது நன்று. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதன் குறைகள் வெளிப்படும். ஆகவே சென்றவுடன் சிலிண்டர் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்பது பொருள். காரணம் நல்லதாகவும் இருக்கலாம். ஆயினும், "நாளைக் காலை மீண்டும் வருகிறேன்" என்று திரும்பிவிடுதல் தவறாகாது.

சாவியைத் திருப்பாமல், கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துக. ஓரிடத்தில் நல்ல எதிர்ப்புத் தோன்றவேண்டும். தடையே இன்றி இறங்கிவிடின், பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்து அழுத்தம் குன்றிவிட்டதென அறியலாம். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்புக. சுவிட்சை அழுத்தி மட்டும் கிளப்பிக் காட்டுவோரிடம் உதைத்தும் கிளப்பச் சொல்லவேண்டும். உதைக்க மட்டும் இசைவோரிடம் சுவிட்சை அழுத்திக் காட்டச் சொல்லவேண்டும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் கிக்கரே இராது என்பதையும் நினைவிற் கொள்க.

சைலன்சரிலிருந்து வரும் புகையை நின்று கவனிக்கவேண்டும். குளிர்ந்த காலை வேளையில் சிறிது நேரம் வெண்மையாக ஆவி வருவது இயல்பே. கறும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாக எரிகிறது என்று பொருள்; கார்புரேட்டரைச் சரிசெய்வதாலோ காற்று வடிகட்டியை மாற்றுவதாலோ பெரும்பாலும் தீரும். நீலப்புகைதான் அஞ்சவேண்டியது. எண்ணெய் எரிகிறது என்பதற்கு அது அடையாளம். கிளப்பியவுடன் சிறிது வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். விடாமல் வந்துகொண்டேயிருந்தால் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. இவ்விரண்டுக்கும் ஆகும் செலவில் பெருத்த வேறுபாடு உண்டு.

ஓசையையும் கேட்டுணரவேண்டும். மேற்பாகத்தில் தையல் இயந்திரம் போல் ஒரே சீராக எழும் மெல்லிய ஒலி, டாப்பெட் இடைவெளி மிகுந்ததால் வருவது. சிறு செலவில் தீரும். அடிப்பாகத்திலிருந்து, ஆக்ஸிலேட்டரை முறுக்குந்தோறும் கனத்து எழும் "டொக், டொக்" என்னும் ஒலியோ, கிராங்கின் தேய்மானத்தைக் காட்டுவது. அதற்கு இஞ்சினையே பிளந்தாகவேண்டும். இவ்வொலியை மறைக்கக் கெட்டியான எண்ணெயை ஊற்றி வைப்பவரும் உளர். ஆதலின் எண்ணெய் அளவுகோலை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் கறுத்திருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது, அவ்வளவே. மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. வெயிலில் பிடிக்கும்போது உலோகத்துகள் மின்னினால் அந்த வண்டியைப் பற்றி மேலும் ஆராய வேண்டுவதில்லை.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனையான வண்டிகள் பி.எஸ்.-6 தரத்தைச் சார்ந்தவை. இவற்றில் பெரும்பாலானவற்றிற்குக் கார்புரேட்டர் இல்லை. மின்னணுக் கருவி பெட்ரோலைச் செலுத்துகிறது. இவ்வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் இஞ்சின் வடிவ விளக்கொன்று எரிந்து, இஞ்சின் கிளம்பிய பின் அணையவேண்டும். அணையாமல் எரிந்தால் ஏதோ கோளாறு உண்டு. தொடக்கத்திலேயே எரியாவிட்டால் நன்மை என்று எண்ணிவிடலாகாது; கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கலாம். இத்தகைய வண்டியைச் சோதிக்கும் கருவி உள்ள பட்டறை நம் ஊருக்கு அருகில் உண்டா என்பதையும் வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

பாரம் சுமந்த வண்டி

நகரத்தில் அலுவலகம் சென்று வந்த வண்டிக்கும் கிராமத்தில் உழைத்த வண்டிக்கும் இஞ்சின் அளவில் வேறுபாடு குறைவாக இருக்கலாம்; உடற்சட்டத்தில் வேறுபாடு மிகுதி. இதனைப் பலர் கவனிப்பதில்லை. 100 சி.சி. வண்டிகள் பலவற்றிற்குத் தயாரிப்பாளர் விதித்துள்ள பாரம், ஓட்டுபவரையும் சேர்த்து, ஏறத்தாழ 130 கிலோ. 40 லிட்டர் கேன் இரண்டில் உள்ள பால் மட்டுமே 80 கிலோவிற்கு மேல் எடையுள்ளது; 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதனை ஓட்டிச் சென்றால், கேன்களின் எடையைச் சேர்க்காமலே வரம்பு கடந்துவிடுகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இரண்டை ஏற்றி வருவோரின் கதையும் இதுவே. நாள்தோறும் மேடுபள்ளத்தில் இப்பாரத்தைச் சுமந்த வண்டி, வெளிப்பார்வைக்கு நன்றாகவே தோன்றும்.

எனவே இருக்கையைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பின்புறச் சட்டத்தின் குழாய்களிலும், ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்கும் காதுகளிலும் விரிசலோ, வெல்டிங் வைத்த தழும்போ உண்டா என டார்ச்சு விளக்கை அடித்து நோக்குக. பெயிண்ட் மயிரிழை போல் வெடித்து அதனூடே துரு கசிந்திருந்தால் அங்கே இரும்பும் விண்டிருக்கக்கூடும். உரமூட்டை ஏற்றிய வண்டிகளில் கேரியர் பொருந்தும் இடங்களை உப்பு அரித்திருப்பது உண்டு. கடலோர ஊர் வண்டிகளிலும் அவ்வாறே. நாகப்பட்டினம், இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பகுதி வண்டியாயின் சைலன்சரின் அடிவயிற்றையும், செயின் மூடியின் அடியையும் திருப்புளிப் பிடியால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று ஒலியாமல் மந்தமாக ஒலித்தால் உள்ளே உளுத்துவிட்டது.

பின் சக்கரத்தை நடுத்தாங்கியில் உயர்த்தி நிறுத்தி, டயரைக் கையால் பற்றி இடமும் வலமும் ஆட்டுக. ஆட்டம் தெரிந்தால் சக்கரப் பேரிங்கோ, பின்கவையின் புஷ்ஷோ தேய்ந்திருக்கும். பல்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால் மிகுதியாக நெகிழ்கிறதா? கப்ளிங் ரப்பர் போய்விட்டது, செலவு சிறிது. செயினைப் பின் பல்சக்கரத்தின் பின்னோரத்தில் பிடித்து இழுத்துப் பார்க்கவேண்டும். பல்லின் பாதி உயரத்திற்கு மேல் அது விலகி வந்தால் செயின் முடிந்துவிட்டது. பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் செயினோடு இரு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் தட்டிக்கொண்டே சென்றால், தளர்ந்த கம்பி தன் ஒலியாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சட்டம் வளைந்ததா என்று அறியக் கொத்தனார் வைத்திருப்பது போன்ற நூல் கயிறு ஒன்று போதும். கைப்பிடியை நேராக நிறுத்தி, கயிற்றைப் பின் டயரைச் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இருபக்கமும் முன் டயர் வரை இழுத்துப் பிடிக்கவேண்டும். தாங்கி முதலியன இடையில் தடுக்காதவாறு பார்த்துக்கொள்க. பின் டயர் முன் டயரைவிடச் சற்று அகலமானதாயின், முன் டயரின் இருபக்கமும் கயிற்றுக்கும் டயருக்கும் இடையே சமமான இடைவெளி இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விரலளவு விலகி நின்றால், முதலில் பின்சக்கரம் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறதா எனச் செயின் திருகுகளின் அடையாளக் கோடுகளைப் பார்க்கவேண்டும். அது சரியாக இருந்தும் இடைவெளி வேறுபட்டால், வண்டி எங்கோ மோதி வளைந்திருக்கிறது. அத்தகைய வண்டியை எந்த விலைக்கும் வாங்கலாகாது என்பது எமது அபிப்பிராயம்.

மோதலின் வேறு அடையாளங்களும் உண்டு. கைப்பிடி முனை, கிளட்ச் பிரேக் லீவர்களின் நுனி, கால்தாங்கியின் முனை ஆகிய மூன்றும் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் வண்டி அப்பக்கம் விழுந்து இழுபட்டிருக்கிறது. முன் ஃபோர்க்கின் இரு குழாய்களையும் எதிரே அமர்ந்து நோக்கினால் அவை இணையாக நிற்கின்றனவா என்பது கண்ணுக்குத் தெரியும். அவற்றில் எண்ணெய் வழிந்திருந்தால் சீல் கிழிந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்புகையில், நடுவில் ஓரிடத்தில் "கடுக்" எனத் தங்கினால் தலைப் பேரிங்கை மாற்றவேண்டும்.

டயர், பிரேக், மீட்டர்

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாவிட்டாலும், பல்லாண்டு கடந்து ரப்பர் இறுகி வெடித்த டயர் மழையில் பிடிப்பதில்லை. பள்ளங்களுக்கிடையே தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகள் உண்டு. டயர் அம்மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாகவேண்டும்.

டிரம் பிரேக்கில், பிரேக்கை அழுத்தும்போது அதன் கைத்துண்டில் உள்ள அம்புக்குறி தட்டில் உள்ள கோட்டை எட்டினால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என அறியலாம். டிஸ்க் பிரேக்கில், தட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் தேய்ந்த பகுதிக்கும் தேயாத விளிம்பிற்கும் உள்ள படி தெரியும். குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்பது தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓடினாலே பத்தாண்டில் 73,000 ஆகிவிடும். பத்தாண்டு வண்டி 18,000 காட்டினால், கேபிள் அறுந்து கிடந்ததோ, திருப்பி வைத்ததோ, இரண்டிலொன்று. கால்தாங்கி ரப்பர், கியர் மிதி, சாவியின் முகம் ஆகியவற்றின் தேய்மானமே நம்பத்தக்க கணக்கு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னையிலும், அதே மாதத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் வந்து எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. இவ்வாறு மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களில் விலைக்கு வருவதில் வியப்பில்லை. முகப்பு விளக்கின் உள்ளேயும் மீட்டரின் கண்ணாடிக்குள்ளும் வண்டல் படிந்த கோடு, பேட்டரிப் பெட்டியின் மூலையில் உலர்ந்த சேறு, காற்று வடிகட்டிக் கூட்டில் மண், மின்கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஆகியவை கழுவியும் நீங்காதவை. வண்டி முதலில் எந்த ஊரில் பதிவானது என்பது சான்றிலேயே இருக்கிறது. அவ்வூரையும் ஆண்டையும் நோக்கினால் வினவ வேண்டியதை வினவலாம்.

பேட்டரியைச் சோதிக்க மெக்கானிக்கிடம் உள்ள மீட்டர் உதவும். 12 வோல்ட் பேட்டரி, இஞ்சின் நின்றிருக்கையில் 12.5 வோல்ட் அளவிலும், இஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிடும்போது 13.5 முதல் 14.5 வரையிலும் காட்டவேண்டும். ஓடும்போதும் உயராவிட்டால் மின்னேற்றம் நடைபெறவில்லை. புதுப் பேட்டரி வாங்கினாலும் பயனிராது.

ஓட்டிப் பார்த்தல்

தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்புவது சோதனையாகாது. காப்புறுதி நடப்பில் உள்ளதைக் கண்டுகொண்டு, ஓட்டுநர் உரிமத்துடனும் தலைக்கவசத்துடனும், பின்னால் ஒருவரை அமர்த்தி, பத்துக் கிலோமீட்டராவது ஓட்டவேண்டும். மூன்றாம் அல்லது நான்காம் கியரில் மேடேறும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளட்ச் தட்டு நழுவுகிறது. கியர் தானே கழன்று வருகிறதா, குறிப்பாக இரண்டாம் கியர் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் கைப்பிடியைத் தளர்வாகப் பற்றினால் வண்டி ஒருபுறம் இழுப்பது தெரியும். கையை முற்றிலும் விடுதல் கூடாது. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே, முதலில் மெதுவான வேகத்தில் சோதிக்கவேண்டும். திரும்பி வந்து நிறுத்தியபின் இஞ்சினுக்கடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துவைத்துச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தால், எண்ணெய் சொட்டுவது அதில் தெரிந்துவிடும். சூடான இஞ்சின் மீண்டும் எளிதில் கிளம்புகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

கண்ட குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் ஆகும் செலவை நமக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கமாகவேண்டும். விற்பவரோடு வந்த மெக்கானிக்கின் மதிப்பீடு விற்பவருக்கே பயன்படும். டயரும் செயினும் பேட்டரியும் தேய்ந்திருப்பது வண்டியை ஒதுக்கக் காரணமன்று. விலையைக் குறைக்கக் காரணம்.

பெயர் மாற்றம்

இனிச் சொல்வதே எல்லாவற்றினும் முக்கியமானது. வண்டியை விற்றவுடன் 29, 30 ஆகிய எண்களுள்ள படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டால் தம் பொறுப்புத் தீர்ந்ததென்று விற்பவர் எண்ணுகிறார். படிவத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, "மாற்றிக்கொள்ளலாம்" என்று வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் காலந்தாழ்த்துகிறார். இடையில் தரகர் ஒருவர் இருந்தால், படிவத்தில் வாங்குபவர் பெயரே எழுதப்படாமல் வண்டி மூன்று நான்கு கை மாறிவிடுகிறது.

சட்டம் கூறுவது வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில், விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். இதனைச் செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதை 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று காட்டுகிறது. விபத்திற்கு முன்பே விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு கார் அது. பதிவேட்டில் மட்டும் முதலாமவர் பெயரே நின்றது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருடையதே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. காருக்குச் சொன்னது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். தாம் முகம் அறியாத ஒருவர் ஓட்டிய வண்டிக்காக, அதனை என்றோ விற்றுவிட்ட ஒருவர் தம் நிலத்தை விற்று நஷ்டஈடு கட்டவேண்டிய நிலை இதனால் நேரலாம்.

வாங்கியவருக்கும் தீங்குண்டு. சட்டத்தின் 157-ஆவது பிரிவின்படி மூன்றாம் நபருக்கான காப்புறுதி வண்டியோடு புதியவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். எனினும் 14 நாள்களுக்குள் காப்புறுதி நிறுவனத்திற்கு விண்ணப்பித்துச் சான்றில் தம் பெயரை ஏற்றிக்கொள்ளவேண்டும். வண்டிக்கு நேரும் சேதத்திற்கான காப்பும், ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் வரையுள்ள சொந்த விபத்துக் காப்பும் பெயர் மாறாமல் கிடைப்பது அரிது. வண்டி ஓட்டிச் சென்ற குடும்பத் தலைவர் இறந்தபின் அக்குடும்பத்திற்குக் கிடைக்கக்கூடிய தொகை, சில நூறு ரூபாய்க் கட்டணத்தையும் ஒரு நாள் அலைச்சலையும் தவிர்த்ததால் கிடைக்காமற்போகும். 2018 செப்டம்பர் முதல் விற்பனையான புதிய இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்பட்டிருக்கும். ஆகையால் ஐந்தாண்டுக்குட்பட்ட வண்டியை வாங்குவோர் அச்சான்றைக் கேட்டுப் பெறவேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இங்கே பெரிதும் உதவலாம். வாங்குபவர் பெயர் எழுதப்படாத படிவத்திற்குச் சாட்சியாக நிற்பதில்லை என்னும் வழக்கத்தை அவர்கள் மேற்கொள்ளலாம். இரு தரப்பார் பெயர், முகவரி, வண்டி எண், சேசிஸ் எண், இஞ்சின் எண், விலை, வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம் ஆகியவை அடங்கிய ஒப்படைப்புக் கடித மாதிரி ஒன்றை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிவைக்கலாம். நேரத்தைக் குறிப்பது வீண் வேலையென்று சிலர் எண்ணக்கூடும். காலை பத்து மணிக்கு வண்டி கைமாறி, அன்று மாலையே அது விபத்திற்குள்ளானால் அந்த நேரக் குறிப்பின் பயன் விளங்கும். பணத்தை வங்கி மூலமாகச் செலுத்துவதும், பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்கும் நாள் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக முன்னரே பேசிக்கொள்வதும் இரு தரப்பாருக்கும் பாதுகாப்பானவை.

ஒப்படைப்பின்போது அசல் பதிவுச் சான்று, காப்புறுதிச் சான்று, புகைச் சோதனைச் சான்று, கடனிருந்தால் அதன் தீர்வுக் கடிதம், இவற்றோடு இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்குக. வண்டி வீடு வந்தபின் இஞ்சின் எண்ணெயை மாற்றி, பிரேக்கைச் சரிசெய்து, மீட்டர் அன்று காட்டும் கிலோமீட்டரைத் தேதியுடன் குறித்துவைத்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குரிய விண்ணப்பத்தைச் செலுத்திவிடவேண்டும்.